கோலாலம்பூரில் குளிர்தளம் அமைப்போருக்கு: குழாய்க்கு முன் ஈரத்தைக் கவனியுங்கள்

கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் பதித்து, அவற்றில் குளிர்ந்த நீரைச் சுற்றவிட்டு அறையைக் குளிர்விக்கலாம் என்று கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை டிகிரியில் தண்ணீர் விட வேண்டும் என்பதைத்தான். கோலாலம்பூரில் கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்புகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கும் நான், அதற்குப் பதில் சொல்லும் முன் வேறொன்றைக் கேட்பேன். உங்கள் அறைக்குள் வரும் ஈரம் எந்த வழியாக வெளியே போகப்போகிறது? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கையில் இல்லாமல் குழாய் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம் என்பதே இந்தக் கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்தப்போவது.

முறை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வழக்கமான ஏர்கான் காற்றைக் குளிர்வித்து, அந்தக் காற்றை நம் மீது வீசுகிறது. குளிர்தளமோ சுவர், கூரை, தரை ஆகிய பரப்புகளைக் குளிர்விக்கிறது. நம் உடலும் அறையிலுள்ள பொருள்களும் வெளியிடும் வெப்பக் கதிர்களை அந்தப் பரப்புகள் ஏற்றுக்கொள்கின்றன. காற்று அதிகம் அசையாத அறையில் நாம் உணரும் வெப்பம், காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். ஆகவே காற்று 26 டிகிரியாகவும் பரப்புகளின் சராசரி 22 டிகிரியாகவும் இருந்தால், உடல் அதை 24 டிகிரியாகவே உணரும். வெப்பத்தைச் சுமந்து செல்வதில் ஒரு கன மீட்டர் நீர் அதே அளவு காற்றைப்போல் சுமார் 3,500 மடங்கு திறன் உடையது என்பதால், பெரிய காற்றுக்குழாய் செய்யும் வேலையைக் கட்டைவிரல் பருமனுள்ள நீர்க்குழாய் செய்துவிடுகிறது. மின்சாரச் சேமிப்பின் பெரும்பகுதி இங்கிருந்தும், 7 டிகிரிக்குப் பதிலாக 17 அல்லது 18 டிகிரி நீரே போதும் என்பதால் நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் இலகுவாக ஓடுவதிலிருந்தும் வருகிறது.

கொரியாவின் ஒண்டோல் தரையும் ரோமானியர்களின் அடித்தள வெப்ப அறைகளும் இதே கருத்தைச் சூடேற்றுவதற்குப் பயன்படுத்தியவை. இன்றும் குளிர்நாடுகளில் இதே குழாய்களில் 35 முதல் 40 டிகிரி வரையுள்ள நீரைவிட்டு வீட்டைச் சூடாக வைத்திருக்கிறார்கள். நமக்குச் சூடு தேவையில்லை. ஆனால் குளிர்நாட்டுக் கையேடுகளைப் படித்து இங்கே அப்படியே செய்வதுதான் ஆபத்து, ஏனெனில் சூடான தரையில் நீர் படியாது, குளிர்ந்த தரையில் படியும்.

நம் ஊரில் குளிர்தளம் நன்றாக வேலை செய்யும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவில் போக வேண்டியதில்லை. பண்டார் பாரு பாங்கியில் 2007-இல் கட்டி முடிக்கப்பட்ட பசுமை ஆற்றல் அலுவலகக் கட்டடத்திலும், புத்ராஜெயாவில் 2010-இல் திறக்கப்பட்ட எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடத்திலும் கான்கிரீட் தளங்களுக்குள் குழாய்கள் பதிக்கப்பட்டுள்ளன. இரவில் குளிர்ந்த நீர் ஓடித் தளத்தைக் குளிர்வித்து வைக்கிறது. பகலில் அந்தத் தளம் அறையின் வெப்பத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்கிறது. மீதிக் குளிர்ச்சியையும் ஈர நீக்கத்தையும் காற்றுக் கருவிகள் பார்த்துக்கொள்கின்றன. ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரே கட்டடத்தின் ஒரு பாதியில் வழக்கமான ஏர்கானையும் மறு பாதியில் இதே முறையான கதிர்வீச்சுக் குளிரூட்டலையும் அமைத்து ஒப்பிட்டபோது, கதிர்வீச்சுப் பாதி சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. இந்தக் கட்டடங்கள் நன்றாக உழைப்பதற்கு அடிப்படைக் காரணம், ஈரத்தைத் தனியே கையாளும் ஏற்பாடு அவற்றின் வடிவமைப்பிலேயே இடம்பெற்றிருப்பதுதான்.

முதல் படி: ஈரத்தின் கணக்கைப் போடுங்கள்

காற்றைக் குளிர்விக்கும்போது எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்குகிறதோ, அதைப் பனிநிலை என்கிறோம். ஐஸ் போட்ட தேநீர்க் கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பது இதனால்தான். கோலாலம்பூரில் 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சாதாரணக் காலைப் பொழுதில் வெளிக்காற்றின் பனிநிலை சுமார் 25 டிகிரி. அதாவது, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் அறையில் 20 டிகிரித் தரை அமைத்தால், அந்தத் தரை கோப்பையைப்போல் வியர்த்தே தீரும். அதே சமயம் அறைக்குள் 25 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் நிலவினால் பனிநிலை 17 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. அப்போது 20 டிகிரிப் பரப்பு உலர்ந்தே இருக்கும். ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டால் பனிநிலையும் 20-ஐத் தொடுகிறது. இடையில் இருக்கும் 15 விழுக்காடுதான் உங்கள் பாதுகாப்பு வேலி.

இனி எவ்வளவு நீரை வெளியேற்ற வேண்டும் என்று பாருங்கள். மேலே சொன்ன வெளிக்காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் சுமார் 20 கிராம் நீராவி இருக்கிறது. அறைக்குள் நமக்கு வேண்டியதோ 11 கிராம் அளவு. மணிக்கு 1,000 கன மீட்டர் புதுக்காற்றை உள்ளே விடும் ஒரு சிறிய அலுவலகம், அந்தக் காற்றிலிருந்து மட்டும் மணிக்கு 10 லிட்டருக்கு மேல் நீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். வீட்டுக்கும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் சிறியது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் ஈரத்தை வெளியிடுகிறார் என்றால், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு 50 பேர் வந்து அமரும் கூடத்தில் மணிக்கு இரண்டரை லிட்டர் ஈரம் சேர்கிறது. வாசற்கதவு மூடுவதே இல்லை என்பதையும் அடுப்பில் கொதிக்கும் குழம்பையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளுக்கான வடிவமைப்பு, சாதாரண நாளைப் போலவே இந்த ஒரு நாளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட வேண்டும்.

ஈரத்தை நீக்கும் வேலையைத் தளத்திடம் விடக்கூடாது. அதற்கென்று ஈரநீக்கியோ, புதுக்காற்றை ஆழமாகக் குளிர்வித்து உலர்த்தி அனுப்பும் தனிக் கருவியோ வேண்டும். இந்தக் கருவிக்கு ஆகும் செலவைக் கேட்டதும் சிலர் அதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். பிறகு என்ற ஒன்று இதில் கிடையாது. பணம் போதவில்லை என்றால் நல்ல இன்வெர்ட்டர் ஏர்கானையும் கூரை மின்விசிறியையும் வாங்குங்கள். ஈரநீக்கம் இல்லாத குளிர்தளம் பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும்.

இரண்டாம் படி: வெயிலையும் காற்றுக் கசிவையும் தடுங்கள்

குளிர்தளத்தின் திறன் மட்டானது என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. தரையின் மேற்பரப்புக்கும் அறைக்கும் இடையே ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும், ஒரு சதுர மீட்டர் தரை சுமார் 7 வாட் வெப்பத்தை வாங்கும். கூரையாக இருந்தால் குளிர்ந்த காற்று தானாகக் கீழிறங்குவதால் அது சுமார் 11 வாட் ஆகிறது. அறை 26 டிகிரி, பரப்பு 20 டிகிரி என்றால் தரை 42 வாட்டும் கூரை 66 வாட்டும் வாங்கும். 12 சதுர மீட்டர் படுக்கையறையில் கூரை முழுவதும் குளிர்ந்தாலும் கிடைப்பது 800 வாட் அளவுதான். ஒரு குதிரைத்திறன் ஏர்கான் தருவதோ ஏறத்தாழ 2,600 வாட்.

எனவே வெப்பம் உள்ளே வருவதையே முதலில் குறைக்க வேண்டும். மறைப்பில்லாமல் மேற்கு நோக்கி நிற்கும் 3 சதுர மீட்டர் கண்ணாடி ஜன்னல் ஒன்று, மாலை நான்கு மணி வெயிலில் அந்தக் கூரை தரும் குளிர்ச்சி முழுவதையும் விழுங்கிவிடும். வெளிப்புறச் சன்ஷேடும் கண்ணாடிக்கு வெளியே நிழலும் அமைத்தால்தான் பயன் உண்டு. உள்ளே தொங்கும் திரை, வெப்பம் உள்ளே வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறது. மேல்மாடி அறையென்றால் ஓட்டுக்குக் கீழே ராக்வூல் போன்ற வெப்பத்தடுப்பு இல்லாமல் மேற்கொண்டு எதுவும் பேச வேண்டாம். நம் பழைய தெரஸ் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் காற்றோட்டத் துளைகளும், சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டை ஜன்னல்களும் மூடப்படாமல் இருந்தால் ஈரம் அவற்றின் வழியே நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும். புகைமூட்டக் காலத்தில் வீட்டை இறுக மூடிவைக்கப் பழகியவர்களுக்கு இது கடினமான பழக்கம் அல்ல. ஆண்டு முழுவதும் அப்படி இருக்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு. மூடிய வீட்டுக்குப் புதுக்காற்று வடிகட்டியின் வழியாகவும் உலர்த்தியின் வழியாகவும் வர வேண்டும்.

மூன்றாம் படி: தரையா, கூரையா, கான்கிரீட்டா, பலகையா?

அலுவலகத்தில் காலணி அணிந்து நடப்பவர்களுக்குத் தரை 19 டிகிரி வரை குளிர்ந்திருந்தாலும் இதமாக இருக்கும் என்பது உலகத் தரநிலைகள் ஏற்ற வரம்பு. நம் வீட்டில் நாம் வெறுங்காலோடு நடக்கிறோம், பிள்ளைகள் தரையில் உருண்டு விளையாடுகிறார்கள், பாட்டி பாயில் படுக்கிறார், விசேஷ நாளில் வரிசையாகத் தரையில் அமர்ந்து வாழையிலையில் சாப்பிடுகிறோம். 20 டிகிரி மார்பிள் தரை அவர்கள் கால்களுக்குச் சில்லென்று இருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார்கள். ஆகையால் வீடென்றால் கூரையைக் குளிர்வியுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. திறனும் அதில்தான் அதிகம். வெயில் நேரடியாகத் தரையில் விழும் பெரிய கூடங்களில் தரைக்குளிர்ச்சி தனிச்சிறப்புடையது, ஏனெனில் விழும் வெப்பத்தை அது அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. 2006-இல் திறக்கப்பட்ட பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைக்குளிர்ச்சியைத் தேர்ந்ததன் பொருத்தம் இதில்தான் இருக்கிறது.

அடுத்த முடிவு, குழாயைக் கட்டமைப்புக் கான்கிரீட்டுக்குள் பதிப்பதா அல்லது கீழே தொங்கும் கூரைப் பலகைகளில் வைப்பதா என்பது. 200 மில்லிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 480 கிலோ எடை கொண்டது. அதன் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் ஏறத்தாழ 0.12 கிலோவாட் மணி வெப்பம் சேர்கிறது அல்லது வெளியேறுகிறது. இரவின் மலிவு நேர மின்கட்டணத்தில் இரண்டு டிகிரி குளிர்வித்து வைத்தால், பகலில் எட்டு மணி நேரத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 30 வாட் கையிருப்பாகக் கிடைக்கும். மின்விநியோக நிறுவனமான தெனாகா நேசனலின் நேரவாரிக் கட்டணத் திட்டத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு இது பெரிய ஆதாயம்.

ஆனால் இந்த நன்மையே அதன் அபாயமும் ஆகும். பிற்பகல் இடிமழையின்போது மின்சாரம் தடைப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரநீக்கி நின்றுவிடுகிறது. புழுக்கம் தாங்காமல் யாரோ கதவைத் திறக்கிறார்கள். மழைக்காற்று உள்ளே நுழைகிறது. பம்ப் நின்றாலும் தளம் பல மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். அதை அணைக்கப் பொத்தான் கிடையாது. மெல்லிய கூரைப் பலகை என்றால் வால்வை மூடிய சில நிமிடங்களில் அறையின் வெப்பநிலைக்குத் திரும்பிவிடும். கதவு அடிக்கடி திறக்கும் வீட்டுக்கும் உணவகத்துக்கும் பலகை, கட்டுப்பாடாக நடக்கும் அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் கான்கிரீட் என்று நான் பிரித்துப் பரிந்துரைப்பது இதனால்தான். கொண்டோவில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. தளம் எல்லோருக்கும் பொதுவான கட்டமைப்பு, அதைக் கொத்தக்கூடாது. மேலே 50 மில்லிமீட்டர் புதுப்பூச்சு போட்டு அதில் குழாய் வைப்பதும் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் எடை கூட்டும் என்பதால், பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திடாமல் அதையும் தொடாதீர்கள்.

நான்காம் படி: குழாயைப் பதித்தல்

குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன் குழாய், தொழிலில் பெக்ஸ் என்று சொல்லப்படுவது, இதற்கு ஏற்றது. 16 அல்லது 20 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் ஆக்சிஜனைத் தடுக்கும் படலமும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். படலம் இல்லையெனில் குழாய்ச் சுவர் வழியே நுழையும் ஆக்சிஜன், பம்பு போன்ற இரும்புப் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும். குழாய்களுக்கு இடையே 150 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் 100 மீட்டர்ச் சுற்று ஒன்று 15 சதுர மீட்டரை நிரப்பும். சுற்றின் நீளத்தை அதற்கு மேல் கூட்ட வேண்டாம், பம்புக்குச் சுமை ஏறும். அந்தச் சுற்று 600 வாட் வெப்பத்தை வாங்கி, நீர் 3 டிகிரி மட்டுமே சூடாகித் திரும்ப வேண்டுமென்றால், நிமிடத்துக்குச் சுமார் 3 லிட்டர் நீர் ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றும் இணைப்பே இல்லாத ஒரே துண்டாக, எல்லாச் சுற்றுகளுக்கும் நீரைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பி மேனிஃபோல்டுக்கே திரும்ப வேண்டும். கான்கிரீட்டுக்குள் இணைப்பு வைக்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கம்பி வலையில் குழாயைக் கட்டி முடித்ததும் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அந்த அழுத்தத்தைக் கான்கிரீட் ஊற்றும் நாளிலும் விடாமல் வைத்திருந்து, ஒருவர் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். குழாயில் அதிர்வுக்கருவி பட்டாலோ, யாராவது மண்வெட்டியால் கொத்திவிட்டாலோ, முள் இறங்குவது அப்போதே தெரியும். ஈரக் கான்கிரீட்டை விலக்கிச் சரிசெய்துவிடலாம். நான் பங்கேற்ற ஒரு கட்டட வேலையில் ஊற்றுதல் நல்லபடியாக முடிந்தது. பல வாரங்கள் கழித்துத் தீயணைப்புத் தெளிப்பானுக்குத் தாங்கி பொருத்த வந்த வேறொரு குத்தகையாளரின் ஆள், தளத்தின் அடியில் துளையிட்டபோது குழாய் ஒன்றைத் துளைத்துவிட்டார். அவருக்குக் குழாய் எங்கே போகிறது என்பதைக் காட்டும் படம் தரப்படவே இல்லை. அந்தச் சுற்றை நிரந்தரமாக மூட வேண்டியதாயிற்று, அந்த அறை இன்றும் மற்ற அறைகளைவிடச் சற்று வெப்பமாகவே இருக்கிறது. அதன் பிறகு நான் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் அளவுநாடாவை விரித்துவைத்துப் படம் எடுக்கச் சொல்கிறேன். தாங்கிகள் வரவேண்டிய இடங்களை முன்கூட்டியே குறித்து, அந்த இடங்களைக் குழாய் சுற்றிப் போகுமாறு வரையச் சொல்கிறேன். துளையிடும் ஆழத்தின் வரம்பைத் தளத்தின் அடியிலேயே சாயத்தால் எழுதிவைப்பதும் உண்டு, மலாயிலும் வங்காளத்திலும்கூட. துளையிடும் கருவியைப் பிடிப்பவருக்குப் புரிவதுதான் முக்கியம்.

தரையைக் குளிர்விப்பதாக இருந்தால் மேலே ஓடு, மார்பிள், பளபளப்பாக்கிய சிமெண்டு ஆகியவை நல்லவை. தடித்த கம்பளமும் மரத்தரையும் வெப்பத்தைத் தடுத்துவிடும். கூரையென்றால் கான்கிரீட்டின் அடிப்பகுதி திறந்தே இருக்க வேண்டும். அழகுக்காகப் பிளாஸ்டர் சீலிங் போட்டு மூடினால் முழு அமைப்பும் வீண்.

ஐந்தாம் படி: கட்டுப்பாடும் முதல் இயக்கமும்

நீரின் வெப்பநிலையை ஓர் எண்ணில் நிலையாக வைக்கக்கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் பனிநிலையை அளக்கும் உணரி ஒன்று இருந்து, கலவை வால்வு அந்த அளவைவிடக் குறைந்தது ஒன்று அல்லது இரண்டு டிகிரி அதிகமான நீரையே உள்ளே விட வேண்டும். மேனிஃபோல்டுக்கு அருகில், குழாய் மிகக் குளிர்ந்திருக்கும் இடத்தில் ஈர உணரி ஒன்றை ஒட்டிவையுங்கள். அது நனைந்தால் பம்ப் நிற்க வேண்டும். மேனிஃபோல்டுக்கு வரும் வெற்றுக் குழாய்களுக்குக் கறுப்பு நுரைக் காப்பு அவசியம். முதலில் சொட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

புதுக் கட்டடத்தில் கான்கிரீட்டும் பூச்சும் வாரக்கணக்கில் ஈரத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கும். ஆகவே முதல் இயக்கத்தில் கதவுகளை மூடி, ஈரநீக்கியை மட்டும் சில நாள்கள் ஓடவிடுங்கள். அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே நிலைத்த பிறகே 23 டிகிரி நீரில் தொடங்கி, நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்குங்கள். பள்ளி விடுமுறைக்கு ஈப்போவுக்கோ கூலிமுக்கோ போய் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுத் திரும்பும்போதும் இதே ஒழுங்குதான்: முதலில் உலர்த்தல், பிறகு நீர். வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் தளத்தைக் குளிர்விக்கத் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அமைப்பு மெதுவானது, வெப்பநிலையை மாற்றினால் விளைவு தெரியச் சில மணி நேரம் ஆகும். அவசரத்துக்குக் கூரை மின்விசிறியைச் சுழற்றுங்கள். காற்றின் மெல்லிய அசைவிலேயே 26, 27 டிகிரி இதமாகத் தோன்றும்.

முதல் மூன்று மாதங்களுக்கு ஒவ்வோர் அறையிலும் மலிவான ஈரப்பதமானி ஒன்றைத் தொங்கவிட்டு, காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் அளவைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். 65-ஐத் தாண்டிய நேரம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தக் கதவு திறந்திருந்தது, அடுப்பில் என்ன கொதித்தது, துணி எங்கே காய்ந்தது என்பதையும் குறியுங்கள். அமைப்பைச் சரிசெய்ய வரும் பொறியாளர் முதலில் கேட்கப்போவது அந்தக் குறிப்பேட்டைத்தான்.